ஏழு நிமிட அக்கா

"நான் விழுந்து, உதடு கிழிந்து, எழுந்து உட்கார்ந்த பிறகுதான் அக்கா கூப்பிட்டாள். இப்படிக் கூப்பிடுவதற்கு அக்கா எதற்கு?"

திங்கட்கிழமை காலை பூங்கோதைக்கு வந்த முதல் கடிதம் இது. எழுதியவர் ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று எதுவும் தெரியாது. அவள் செய்த ஆப்பைப் பயன்படுத்துகிற ஆறாயிரம் பேரில் ஒருவருடைய பெயர்கூட அவளிடம் இல்லை. யாரும் பெயர் கொடுக்கத் தேவையில்லை என்பதுதான் அந்த ஆப்பின் பெருமையே.

அந்த ஆப்பின் பெயர் அக்கா. வலிப்பு நோய் உள்ளவர்களுக்காகச் செய்தது. வலிப்பு வருவதற்கு ஏழு நிமிடம் முன்பே தோலின் ஈரமும் நாடித் துடிப்பும் ஒரு விதமாக மாறும். நமக்குத் தெரியாது, ஆனால் மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டைக்குத் தெரியும். இந்தக் காலத்தில் பட்டை கட்டாத மணிக்கட்டு எங்கே இருக்கிறது? சர்க்கரைக்கு, ரத்த அழுத்தத்துக்கு, சும்மா நடந்த தூரத்தைப் பீற்றிக்கொள்வதற்கு என்று எல்லாரும்தான் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பட்டை சொல்வதைக் கேட்டு, ஏழு நிமிடம் முன்பே எச்சரிப்பதுதான் அக்காவின் வேலை.

எச்சரிக்கிற விதத்தில்தான் பூங்கோதையின் சாமர்த்தியம் இருந்தது. மணி அடிக்காது, சிவப்பு விளக்கு எரியாது. போனில் ஒரு அழைப்பு வரும். திரையில் 'அக்கா' என்று பெயர் வரும். வேண்டுமானால் மாமா, சித்தி என்று பெயரை மாற்றிக்கொள்ளலாம். போனைக் கையில் எடுத்துக்கொண்டு, "எங்கக்கா கூப்பிடுறா, பேசிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய், ஒரு அறையில் கதவைச் சாத்தி, ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளலாம். வலிப்பு வந்துபோனது அடுத்த அறையில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. நம் ஊரில் வலிப்பு இருக்கிறது என்று தெரிந்தால் பெண்ணுக்கு மாப்பிள்ளை வரமாட்டான், ஆணுக்கு வேலை நிலைக்காது. சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்களே தவிர, ஒரு தம்ளர் தண்ணீரை நம்பிக் கையில் கொடுக்க மாட்டார்கள்.

பூங்கோதை இதைச் செய்தது தன் தங்கை நிலவரசிக்காக. தங்கை நாமக்கல்லில் வாக்கப்பட்டிருக்கிறாள். ஐந்து மாதக் கைக்குழந்தை இருக்கிறது. புருஷன் கதிர்வேலுக்கு எல்லாம் தெரியும், சொல்லித்தான் கட்டிக்கொடுத்தார்கள். ஆனால், "எங்கம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாங்க, அவங்க இதெல்லாம் தாங்க மாட்டாங்க" என்று அவனே கேட்டுக்கொண்டான். அதனால் அந்த வீட்டில் அக்கா கூப்பிட்டால், நிலவரசி குழந்தையை மாமியார் கையில் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவாள். இதில் ஒரு கொடுமை என்னவென்றால், ஆப் வந்த நாளிலிருந்து நிஜ அக்கா தங்கையைப் போனில் கூப்பிட முடிந்ததில்லை. எது எச்சரிக்கை, எது நலம் விசாரிப்பு என்று குழம்பிவிடும் அல்லவா. எழுதித்தான் அனுப்புவாள்.

மதியத்துக்குள் அதே புகார் இன்னும் நான்கு வந்துவிட்டது. திருச்சி உறையூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்த அவர்களுடைய ஒற்றை அறை அலுவலகத்தில், பூங்கோதையின் கூட்டாளி ஜெபராஜ் கணினியை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான்.

"நம்ம கணக்கு சரியாத்தான் இருக்கு கோதை. பட்டை அனுப்புறதுதான் லேட்டு. இப்ப நடக்கிறது பத்து நிமிஷம் கழிச்சுதான் நமக்கு வருது. சனிக்கிழமையிலேருந்து இப்படி."

"பத்து நிமிஷமா?"

"செகண்டு பிசகாம பத்து நிமிஷம். கோளாறுன்னா கூடக் குறைய இருக்கும். இது வேணும்னே வெச்சது."

ஏழு நிமிடம் முன்பு வர வேண்டிய அழைப்பு பத்து நிமிடம் தாமதமானால், விழுந்து மூன்று நிமிடம் கழித்து வரும். இதற்குப் பெரிய கணிதம் வேண்டாம்.

பட்டையைச் செய்வது வாசல் என்ற நிறுவனம். பட்டைக்கும் போனுக்குமான ஆப்களை விற்கும் கடையும் அவர்களுடையதுதான், அதன் பெயரும் வாசல்தான். உள்ளே போக வேறு வழி கிடையாது. கடையும் அவர்கள், காவலாளியும் அவர்கள், கடைக்குள்ளேயே பக்கத்தில் இன்னொரு கடை போட்டிருப்பவர்களும் அவர்கள். சனிக்கிழமைதான் வாசல் தன்னுடைய சொந்தச் சேவை ஒன்றைப் பட்டையோடு சேர்த்து இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்திருந்தது. அதன் பெயர் காவல். வலிப்பு வருவதற்கு ஏழு நிமிடம் முன்பே எச்சரிக்கும்.

வாசலில் வெளி ஆப்காரர்களோடு பேசுவதற்கென்றே வித்யாசாகர் என்று ஒருவர் இருந்தார். குரல் உயராத மனிதர். அன்று சாயங்காலம் வீடியோவில் வந்தார்.

"மேடம், இது உங்களுக்குன்னு பண்ணினது இல்ல. வெளி ஆப் எல்லாத்துக்கும் உடம்புத் தகவல் பத்து நிமிஷம் கழிச்சுதான் போகும். யாராவது அதை நேரடியாப் பார்த்துத் தப்பாப் பயன்படுத்தக் கூடாதில்லையா. மக்களோட பாதுகாப்புக்காக."

"உங்க காவலுக்கு?"

"அது வெளி ஆப் இல்லையே மேடம். பட்டையோட ஒரு பகுதி."

"அந்த ஏழு நிமிஷக் கணக்கு உங்களுக்கு எங்கிருந்து வந்துச்சு சார்? ஆப்பைக் கடையில வைக்கணும்னா எப்படி வேலை செய்யுதுன்னு விளக்கணும்னீங்க. மூணு வருஷம் தப்புத்தப்பா அடிச்ச எச்சரிக்கை ஒவ்வொண்ணையும், ஏன் தப்பாச்சுன்னு எழுதிக் குடுத்தேன். அதை யார் படிச்சா?"

"பரிசோதனைக் குழு வேற, காவல் குழு வேற மேடம். நடுவுல சுவர் இருக்கு."

"ஒரே கேன்டீனா?"

வித்யாசாகர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ஆப் ஒளிச்சு வைக்குது. எங்களோடது வீட்டுக்குச் சொல்லுது. வீட்டுல இருக்கிற ரெண்டு பேரையாவது சேர்த்தே ஆகணும். அவங்க பட்டையிலயும் மணி அடிக்கும், ஓடி வந்து பிடிச்சுப்பாங்க. எது நல்லது? உங்க ஆளுங்களை எங்க பக்கம் மாத்தி விட்டுடுங்க. அதுக்கு ஒரு பொத்தான்கூட வெச்சிருக்கோம்."

அவர் சொன்னதில் ஒரு உண்மை இருந்ததுதான் பூங்கோதையை அதிகமாக எரிச்சல் படுத்தியது. ஆனால் வீட்டுக்குச் சொல்லலாமா என்று முடிவு செய்ய வேண்டியது வலிப்பு உள்ளவரா, வித்யாசாகரா? அவளுக்கு அந்த நேரத்தில் இதைச் சரியாகக் கேட்கத் தெரியவில்லை. நன்றி சொல்லி இணைப்பைத் துண்டித்தாள்.

முதலில் ஆறாயிரம் பேரிடமும் விஷயத்தைச் சொல்ல வேண்டும். 'எங்கள் எச்சரிக்கை இப்போது தாமதமாக வருகிறது, அதை நம்பி இருக்காதீர்கள்' என்று ஆப்புக்குள் ஒரு அறிவிப்பு எழுதினாள். ஆப்பில் ஒரு வரியை மாற்றினாலும் வாசலின் பரிசோதனைக்குப் போய்த்தான் வர வேண்டும். செவ்வாய் காலை பதில் வந்தது. அறிவிப்பு பட்டையின் நற்பெயருக்குக் களங்கம் உண்டாக்குகிறது, அனுமதி இல்லை.

"தாமதம்ங்கிற வார்த்தைய எடுத்துட்டு அனுப்பலாமா?" என்றான் ஜெபராஜ்.

"எடுத்துட்டா என்ன மிச்சம் இருக்கு?"

பரிசோதனை இல்லாமல் அவர்கள் மாற்றக்கூடியது ஒன்றே ஒன்றுதான், குரல். அக்காவின் அழைப்பை யாராவது எடுத்துக் காதில் வைத்தால், பூங்கோதையின் குரல் பேசும். நான்கு வருடத்துக்கு முன் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு பதிவு செய்தது. பின்னால் குக்கர் விசில் அடிப்பதுகூடக் கேட்கும். மறுபடி பதியலாம் என்று நினைத்தாள், ஆனால் அந்த விசில்தான் நிஜ வீடு மாதிரி இருக்கிறது என்று நிலவரசி சொன்னதால் விட்டுவிட்டாள்.

இப்போது தாமதத்தைப் பற்றிய எச்சரிக்கையைப் புதிதாகப் பேசிப் பதிந்தாள். பதினோரு மணிக்கு ஆறாயிரம் பேருக்கும் ஒரே சமயத்தில் அக்காவின் அழைப்பு போகச் செய்தாள். நல்ல யோசனை என்று இருவருமே நினைத்தார்கள். இப்படி ஒரு முட்டாள்தனத்தை அவர்களால் மட்டும்தான் செய்திருக்க முடியும். ஏனென்றால் அக்காவின் அழைப்பை யாரும் எடுப்பதில்லை. எடுக்கத் தேவையில்லை என்று பழக்கிவிட்டதே அவர்கள்தான். அழைப்பு வந்தால் சத்தத்தை அடக்கிவிட்டு, போனைச் சும்மா காதில் வைத்துக்கொண்டு, போய்ப் படுக்க வேண்டும்.

ஆறாயிரம் பேரில் பதினோரு பேர் எடுத்தார்கள். மற்றவர்கள் கடைக் கல்லாவை விட்டு, வகுப்பறையை விட்டு, அடுப்பை அணைத்துவிட்டு எழுந்துபோய்ப் படுத்து, வராத வலிப்புக்காகக் காத்திருந்தார்கள். பிறகு திட்டி எழுதினார்கள். மாலையில் வாசலிடமிருந்தும் கடிதம் வந்தது. ஆறாயிரம் பேருக்குப் பொய் எச்சரிக்கை கொடுத்த குற்றத்துக்காக அக்கா இனி கடையில் புதிதாக யாருக்கும் கிடைக்காது. ஏற்கெனவே வைத்திருப்பவர்களிடம் எதையும், குரல் உட்பட, இனி மாற்றவும் முடியாது. பழைய குரலே மறுபடி வைக்கப்பட்டுவிட்டது.

பூங்கோதை அன்று அழுதாள். ஜெபராஜ் கீழே போய் டீ வாங்கி வந்து வைத்தான்.

அதற்குப் பிறகுதான் தங்கைக்கு எழுதினாள். பால் கொடுக்கிற பெண்ணை வீணாகப் பயமுறுத்த வேண்டாம், அதற்குள் சரி செய்துவிடலாம் என்று தள்ளிப் போட்டிருந்தாள். 'இனிமேல் அக்காவை நம்பாதே. காவலுக்கு மாறிவிடு' என்று எழுதினாள். 'நான் பாத்துக்கறேன். காவல் வேண்டாம்' என்று பதில் வந்தது. அவ்வளவுதான். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலை நாமக்கல் பஸ் ஏறினாள்.

வீட்டுக்கு வெளியே முட்டை அட்டைகள் அடுக்கியிருந்தன. கதிர்வேல் முட்டை வியாபாரம், லாரியோடு கொச்சிக்குப் போயிருந்தான். வாசலுக்கு வந்து வரவேற்றது மாமியார் பாவாயிதான். ஐம்பத்தாறு வயது, திடமான உடம்பு, இடுப்பில் குழந்தை.

"வாங்க கண்ணு. ஒரு போன் பண்ணியிருந்தா கறி எடுத்து வெச்சிருப்பேனுங்க. உங்க தங்கச்சி மாடியில துணி காயப்போட்டுட்டு இருக்கா. போங்க, பேசிட்டு வாங்க. நான் இவனைப் பாத்துக்கறேன்."

மாடியில் நிலவரசி இளைத்திருந்தாள். அக்காவைக் கண்டதும் முதலில் சிரித்தாள், அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

"செவ்வாக்கிழமை நீ கூப்பிட்டப்ப உயிரே போச்சுக்கா. குழந்தைய அத்தைகிட்ட குடுக்கலாம்னு ஓடுனா, அவங்களும் போனைத் தூக்கிட்டு பூஜை ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திட்டாங்க. தொட்டில்ல போட்டுட்டு அப்படியே தரையில படுத்தேன். ஒண்ணுமே வரல."

"அது என் தப்பு. இப்ப வேற எச்சரிக்கையே இல்லாம இருக்கியே நிலா. குழந்தைய வெச்சுக்கிட்டு."

"வெச்சுக்கறதே இல்லக்கா. இடுப்பு வலின்னு சொல்லிட்டேன். குளிப்பாட்டுறது, தூக்குறது எல்லாம் அத்தைதான். பால் குடுக்கறப்ப மட்டும் தரையில பாய் போட்டுப் படுத்துட்டுக் குடுக்கறேன். எந்நேரமும் அத்தை கையில இருந்தா எனக்கு பயம் இல்ல."

"காவல்ல சேர்ந்துட்டா ஏழு நிமிஷம் முன்னாடி தெரியுமே."

"அத்தைக்கும் தெரியும். ஊருக்கும் தெரியும். ஏற்கெனவே கரூர் அண்ணின்னு ஒருத்தங்க போன் பண்ணுனா, அத்தை உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு என்னைப் பத்திக் குறை பேசுறாங்க. இது வேற தெரிஞ்சா அப்புறம் குழந்தைய என் கையிலயே தர மாட்டாங்கக்கா. இப்ப நானா தூக்காம இருக்கேன். அப்ப அவங்க தூக்க விட மாட்டாங்க. ரெண்டும் ஒண்ணா?"

நான்கு வருடமாக இந்தப் பெண்ணிடம், யாருக்கும் சொல்ல வேண்டாம், நான் இருக்கிறேன் என்று சொன்னவள் பூங்கோதைதான். இப்போது அவளே வந்து, சொல்லிவிடு என்கிறாள். யோசித்துச் சொல் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள். நிலவரசி மிச்சத் துணிகளை உதறிக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் பாவாயி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே மெல்ல நடந்துகொண்டிருந்தாள். பூங்கோதைக்கு மோர் எடுத்து வைத்திருந்தாள். குடிக்கச் சொல்லிவிட்டு, கூடத்தை ஒரு சுற்று நடந்து வந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நீங்க கம்ப்யூட்டர்லதான வேலை பாக்கறீங்க கண்ணு. இந்தக் காவல்னு என்னமோ டிவில காட்டுறானே, அதுல சேர்ந்தா வீடு பூராவுமே தண்டோராப் போட்டுருமாமா? வீட்டுல சொல்லாம சேர முடியாதா?"

கையில் எடுத்த மோர்த் தம்ளரைப் பூங்கோதை கீழே வைத்தாள். தங்கையைப் பற்றி இந்த அம்மாவுக்கு ஏதோ சந்தேகம் தட்டியிருக்கிறது. வாயைக் கிளறுகிறாள்.

"யாருக்கு அத்தை கேக்கறீங்க?"

"யாருக்கோ. தெரிஞ்சவங்க ஒருத்தங்களுக்கு."

"அதைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க அத்தை. என் வேலை வேற."

"அப்படீங்களா," என்றாள் பாவாயி. அவள் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கியது. ஏமாற்றம் என்று பூங்கோதை நினைத்தாள். துப்பு கிடைக்காத ஏமாற்றம் என்று. தப்பித்தோம் என்று மோரை எடுத்துக் குடித்தாள்.

பாவாயி கூடத்தின் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பினாள். திரும்பியவள் நடக்கவில்லை. ஏதோ ஞாபகம் வந்தவள் போல நின்றாள். கண்கள் இரண்டும் ஒரு பக்கமாக ஏறின. குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த கை விறைத்து விலகியது.

நான்கு எட்டு தூரம். பூங்கோதை தம்ளரைப் போட்டுவிட்டுப் பாய்ந்தாள். நான்கு வருடமாக ஏழு நிமிடங்களைப் பற்றியே யோசித்தவளுக்கு ஒரே ஒரு நொடி போதவில்லை. பாவாயி மரம் சாய்வது போல் பின்னால் சாய்ந்தாள். குழந்தை அவள் தோளிலிருந்து சரிந்து, சிமெண்டுத் தரையில் விழுந்தது.

சத்தமே இல்லை. அந்த அமைதி எவ்வளவு நேரம் என்று பின்னால் யாராலும் சொல்ல முடியவில்லை. அப்புறம் குழந்தை வீறிட்டது. நிலவரசி படிகளில் விழுந்தடித்து ஓடி வந்தாள். குழந்தையின் நெற்றிப்பொட்டுக்கு மேல் கண்ணெதிரிலேயே வீங்கிக்கொண்டு வந்தது. அவள் மாமியாரையும் பார்க்கவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை. குழந்தையை அள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுக்கும் சத்தம் கேட்டது. குழந்தையின் அழுகை தெருமுனை வரைக்கும் கேட்டது. அழுகிறவரை நல்லது என்று பூங்கோதை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பாவாயியை விட்டுப் போக முடியாது. அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். துண்டை மடித்துத் தலைக்கடியில் கொடுத்தாள். வாயோர நுரையைத் துடைத்தாள். எல்லாம் பழகிய கைதான். பழக்க தோஷத்தில் கடிகாரத்தையும் பார்த்தாள். இரண்டு நிமிடமும் சொச்சமும் ஆகியிருந்தது. உதறல் அடங்கிக்கொண்டு வந்தது. பாவம், இந்த வயதில் முதல் தடவையாக வந்திருக்கிறதே, எதனால் இருக்கும் என்று ஒரு பக்கம் மனசு ஓடியது.

அப்போது பிரிட்ஜின் மேல் இருந்த பாவாயியின் போன் அடித்தது. பூங்கோதை எழுந்துபோய்ப் பார்த்தாள். கரூர் அண்ணி என்று இருந்தது.

வீட்டுப் பெரியவர்கள் யாருக்காவது விஷயத்தைச் சொல்லத்தான் வேண்டும். குறை பேசுகிறவளாக இருந்தால் என்ன, இந்த நேரத்துக்கு ஒரு மனுஷி. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமலே போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

அந்தப் பக்கம் ஒரு குக்கர் விசில் அடித்தது. பிறகு பூங்கோதையின் குரல் பேசியது.

"கொஞ்சம் தள்ளிப் போய்ப் படுத்துக்கம்மா. பயப்படாத. இன்னும் நேரம் இருக்கு."